மேல்மாடி ஓசையும் ஒலிப்பதிவும்

ஒருவர் வீட்டின் தரையே மற்றொருவர் வீட்டின் கூரையாக அமைவது அடுக்குமாடி வாழ்க்கையின் இயல்பு. மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் இவ்வாறு வாழும் குடும்பங்கள் பல. பகல் முழுவதும் தெருவின் ஆரவாரத்தில் அமிழ்ந்து கிடக்கும் ஓசைகள், இரவு ஊர் அடங்கியபின் ஒவ்வொன்றாகத் தலைதூக்குகின்றன. மேலே யாரோ நடக்கிறார்கள், நாற்காலி இழுபடுகிறது, ஏதோ உருள்கிறது. ஓசை சிறிதுதான்; ஆனால் உறக்கம் போய்விடுகிறது. மறுநாள் எடுத்துச் சொன்னால், “எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லையே! உங்களுக்குப் பிரமையாக இருக்கும்” என்ற விடை கிடைக்கிறது. சான்று காட்டலாம் என்று கைப்பேசியில் பதிவு செய்து போட்டுப் பார்த்தால், வெறும் இரைச்சலைத் தவிர வேறொன்றும் இல்லை. காதுக்குத் தெளிவாகக் கேட்டது கருவிக்கு ஏன் கேட்கவில்லை? அதை உள்ளபடி பதிவு செய்வது எங்ஙனம்? இவ்விரு வினாக்களையும் நாம் இங்கே ஆராய்வோம்.

ஒலி ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்கு இரு வழிகளில் வருகிறது. பேச்சும் பாட்டும் முதலில் காற்றை அசைக்கின்றன. அக்காற்று சுவரையோ தளத்தையோ அசைத்தால்தான் ஒலி அப்புறம் செல்லும். தளம் கனமானதாக இருந்தால் அதனை அசைப்பது எளிதன்று. ஆதலின் மேல்வீட்டார் உரையாடுவது நமக்குப் பெரும்பாலும் கேட்பதில்லை. ஆனால் குதிகால் தரையில் ஊன்றும்போதும், எவர்சில்வர் டம்ளர் விழும்போதும், காற்றின் உதவியின்றியே தளம் நேராக அடிபடுகிறது. நம் நாட்டு அடுக்குமாடி வீடுகளில் கான்கிரீட் தளம் பெரும்பாலும் 12 முதல் 15 சென்டிமீட்டர் கனமே இருக்கும். அதன்மேல் சிமெண்ட் கலவையிட்டு ஓடு பதித்துவிடுகிறோம். இடையில் மென்மையான படலம் எதுவும் கிடையாது. பேச்சைத் தடுக்கும் அதே தளம், அடியை அப்படியே வாங்கிக் கீழே அனுப்பிவிடுகிறது. ஜமக்காளம் விரித்தால் டம்ளரின் ‘கிணீர்’ ஓசை பெரிதும் குறையும். குதிகாலின் ‘தொம்’ ஓசையோ அவ்வளவாகக் குறையாது. முன்னது மேல்சுருதி, பின்னது கீழ்சுருதி. இவ்வேறுபாட்டை நேயர்கள் நினைவில் கொள்ள வேண்டும். இனி வருவனவெல்லாம் இதனையே பற்றி நிற்கின்றன.

ஒலியின் வலிமையை டெசிபல் என்னும் அளவையால் குறிக்கிறோம். 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. காதுக்கோ ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றுகிறது. ஆனால் காது எல்லாச் சுருதிகளையும் ஒரே கண்ணோடு பார்ப்பதில்லை. வினாடிக்கு 1000 அதிர்வுள்ள ஒலி 0 டெசிபலை ஒட்டிய நிலையிலேயே நல்ல காதுக்குக் கேட்கத் தொடங்கும். 50 அதிர்வுள்ள ஒலியோ 40 டெசிபலைத் தாண்டிய பின்னரே கேட்கும். இதனை 1933-ஆம் ஆண்டில் பிளெட்சர், மன்சன் என்னும் அறிஞர் இருவர் வரைபடமாக வெளியிட்டனர். அவ்வரைபடம் மற்றொரு செய்தியையும் கூறுகிறது. கீழ்சுருதி ஒலி கேட்கும் எல்லையைக் கடந்துவிட்டால், அதன்பின் சில டெசிபல் கூடினாலும் மிகப் பெரிதாகக் கூடியது போல் தோன்றும். ஒருவருக்குத் தொல்லையாக இருப்பது, சற்றே காது மந்தமான மற்றொருவருக்கு அறவே கேளாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். பிரமை என்று தள்ளிவிடுவது எளிது, அது நியாயமாகாது.

இனிக் கைப்பேசியின் நிலையைப் பார்ப்போம். ஒவ்வொரு ஒலிவாங்கிக்கும் தன்னுள் எழும் இரைச்சல் ஒன்று உண்டு. கைப்பேசியில் உள்ள நுண்ணிய ஒலிவாங்கிக்கு இது ஏறத்தாழ 30 டெசிபல் ஒலிக்கு ஒப்பாகும். அமைதியான படுக்கையறையின் இரவு நிலையும் ஏறக்குறைய அதுவே. சந்தைக்கூட்டத்தில் மெல்லப் பேசுபவரின் குரலைப்போல, மெல்லிய ஓசை அதில் மூழ்கிவிடுகிறது. மேலும் கைப்பேசி பேசுவதற்காகச் செய்யப்பட்ட கருவி. மனிதக் குரலே வேண்டுவது, மற்றவையெல்லாம் வேண்டாதவை என்று எண்ணி, கீழ்சுருதிகளை வெட்டுகிறது. விடாது ஒலிப்பதை அடக்குகிறது. ஒலி குறைந்தால் தானே கூட்டியும், மிகுந்தால் தானே குறைத்தும் விடுகிறது. பின்னர்ப் பதிவைச் சுருக்கிச் சேமிக்கும்போது, காதுக்குப் புலப்படாது என்று தான் முடிவு செய்தவற்றைக் களைந்தும் விடுகிறது. இவ்வளவையும் தாண்டி எஞ்சியதை அதன் சின்னஞ்சிறு ஒலிபெருக்கியில் போட்டால், குதிகாலோசை வெளிவருவதே இல்லை. அத்தனை சிறிய தகடு கீழ்சுருதிக் காற்றை அசைக்க இயலாது. ஆகவே பதிவில் கேட்கவில்லை என்பதால் ஓசையே இல்லை என்று முடிவு கட்டலாகாது. அதே பதிவை நல்ல ஹெட்போன் மூலம் கேட்டாலே பல வேளைகளில் உண்மை வெளிப்பட்டுவிடும்.

நல்ல முறையில் பதிவு செய்ய விரும்புவோர் முதலில் உள்ளிரைச்சல் குறைந்த ஒலிவாங்கியைத் தேட வேண்டும். ஒலிப்பதிவுக் கூடங்களில் பயன்படும் பெரிய தகடுள்ள ஒலிவாங்கிகளில் 10 டெசிபலுக்கும் குறைந்த உள்ளிரைச்சல் உடையவை உண்டு. விலைக்கு வாங்க வேண்டுவதில்லை. ஓரிரவுக்கு வாடகைக்கு எடுத்தாலும் போதும். பதிவைச் சுருக்காத வடிவில் சேமிக்க வேண்டும். வினாடிக்கு 48,000 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட் என்ற கணக்கில் ஒற்றை ஒலிவாங்கியின் பதிவு மணிக்கு ஏறத்தாழ 346 மெகாபைட் ஆகும். எட்டு மணி நேர இரவு 3 ஜிகாபைட்டுக்குள் அடங்கிவிடும். கருவி தானே ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாட்டை நிறுத்திவிட்டு, கெயின் எனப்படும் பெருக்க அளவை ஓரிடத்தில் நிறுத்தி, இரவு முழுவதும் தொடாமல் விட வேண்டும்.

ஒலிவாங்கியை எங்கே வைப்பது என்பது பெரிய கேள்வி. அறையின் நடுவே வைப்பதுதான் நேர்மை என்று பலர் எண்ணுவர். ஆனால் கீழ்சுருதி ஒலி அறைக்குள் அலையாகத் தேங்கி நிற்கும் இயல்புடையது. 4 மீட்டர் நீளமுள்ள அறையில், வினாடிக்கு ஏறத்தாழ 43 அதிர்வுள்ள ஒலி நடுவில் அடங்கியும் சுவரோரத்தில் ஓங்கியும் நிற்கும். சுவர்கள் கூடும் மூலையில் அது மிகத் தெளிவாகக் கிடைக்கும். ஓசை உண்டா, எத்தகையது என்று அறிய மூலையில் வைக்கலாம். தூங்குபவர் எவ்வளவு கேட்கிறார் என்று காட்டத் தலையணை அருகில் வைக்க வேண்டும். எங்கே வைத்தோம் என்பதைக் குறித்து வைப்பது இன்றியமையாதது. ஒலிவாங்கியை மடித்த போர்வையின்மேல் நிறுத்துவது நலம். நம் நாட்டில் மின்விசிறி ஒரு பெரிய இடையூறு. அதன் காற்று ஒலிவாங்கியைத் தாக்கும். அதன் உறுமல் வேண்டிய ஓசையை மறைக்கும். கோடையில் நிறுத்தவும் இயலாது. ஆளில்லாத அடுத்த அறையில் விசிறியின்றிப் பதிவு செய்வதே வழி. மின்சாரம் தடைப்பட்ட இரவைச் சபிப்போருக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு!

சுவரில் ஒட்டிப் பதிவு செய்யும் தொடு ஒலிவாங்கியும் உண்டு. அது காற்றை விடுத்து, திண்பொருளின் அதிர்வையே வாங்குகிறது. கருவி இல்லாதோர் மருத்துவரின் ஸ்டெதாஸ்கோப்பைக் கொண்டே தூணையும் குழாயையும் தொட்டுக் கேட்கலாம். 1816-இல் லென்னெக் என்ற பிரெஞ்சு மருத்துவர் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதன் வழித்தோன்றல் அது. கட்டடத்தின் நாடியையும் அதனால் பார்க்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தலைக்குமேல் கேட்பதெல்லாம் மேல்வீட்டாரின் செயலென்று கொள்ளலாகாது. தளமும் உத்திரமும் தூணும் ஒரே கான்கிரீட் உடலாக இணைந்திருப்பதால், இரண்டு மாடி தள்ளியும் பக்கவாட்டிலும் எழுந்த அடி நம் கூரையில் ஒலிக்கக்கூடும். பதிவு இதற்குத்தான் பெரிதும் துணைசெய்யும். விடாது ஒரே சுருதியில் ஓடி, திடீரென்று நிற்பது தண்ணீர் ஏற்றும் மோட்டாராக இருக்கலாம். நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்றுடையது ஆதலால், 50-க்கும் 100-க்கும் அருகில் அதன் உறுமல் தென்படும். குழாயை மூடியவுடன் எழும் ஒற்றை அடி, தண்ணீர் தடைபட்டு மோதுவது. காலடியோ சீராக இராது; அறைக்கு அறை நகரும். மேல்வீட்டார் ஊருக்குச் சென்ற இரவிலும் பதிவு செய்து பார்ப்பது நன்று. அன்றும் அதே ஓசை கேட்குமாயின், குற்றமற்ற ஒரு குடும்பத்தின்மேல் பழி சுமத்தாமல் தப்பினோம்.

பதிவை எவ்வளவு வேண்டுமானாலும் பெருக்கிக் காட்டலாம் என்பதும் ஓர் ஆபத்து. எறும்பின் நடையையும் யானையின் நடையாக்கிவிடலாம். ஆகவே பதிவு, ஓசையின் தன்மைக்கும் நேரத்துக்கும் சான்றாகுமே அன்றி, அளவுக்குச் சான்றாகாது. அளவுக்கு, ஒப்புநோக்கிச் சரிபார்த்த ஒலிமானி வேண்டும். அங்கும் ஒரு சிக்கல். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபலும், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபலும் வரம்பாக வைக்கின்றன. இவை ‘ஏ’ அளவையில் கணக்கிடப்படுவன. அவ்வளவை 100 அதிர்வுள்ள ஒலியில் 19 டெசிபலையும், 50 அதிர்வுள்ள ஒலியில் 30 டெசிபலையும் கழித்துவிடுகிறது. மேலும் அவ்வரம்பு சுற்றுப்புறத்தை நோக்கி வகுத்தது. கூரை வழியே இறங்கும் காலடிக்கென வகுத்ததன்று. ஒலிமானி 35 என்று காட்டினாலும் உறக்கம் கெடலாம்.

“பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே” என்பது நம்மவர் மொழி. பதிவுக் கருவி காலடியை மட்டும் வாங்குவதன்று. பிறர் பேச்சும் அதில் விழக்கூடும். அந்தரங்கம் அடிப்படை உரிமையென உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்துள்ளது. பேச்சு பதிவாகியிருந்தால் அதனை எவருக்கும் போட்டுக் காட்டாதிருப்பதே முறை. வழக்கென்று வந்துவிட்டால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. ஆகையால் மூலப்பதிவை வெட்டாமல், திருத்தாமல் காக்க வேண்டும்.

ஆனால் வழக்குக்கு முன் செய்யத்தக்கது ஒன்று உண்டு. மேல்வீட்டாரைக் கீழே அழைத்து, அவர்கள் வீட்டுப் பிள்ளையையே மேலே நடக்கவும் நாற்காலியை இழுக்கவும் சொல்லி, கூட உட்கார்ந்து கேட்கச் செய்யலாம். தம் தரையின் ஓசை கீழே எப்படி ஒலிக்கிறது என்பதைக் கேட்டறியும் வாய்ப்பு மேல்மாடியில் இருப்போருக்கு இயல்பாக வாய்ப்பதில்லை. அவ்வேளையில் அதே இடத்தில், அதே பெருக்க அளவில் ஒரு பதிவு எடுத்து வைத்தால், அது இருவருக்கும் பொதுவான அளவுகோலாகும். பின்னர் நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் குமிழ் மாட்டி, கிரைண்டரைக் கனத்த ரப்பர் விரிப்பின்மேல் ஏற்றி, நடக்கும் வழியில் தடித்த விரிப்புப் போட்டபின், மறுபடியும் அவ்வாறே பதிவு செய்து முன்னதோடு ஒப்பிட்டால், எது குறைந்தது, எது குறையவில்லை என்று இரு வீட்டாரும் ஒருங்கே காணலாம்.