அருவியும் கம்ப்யூட்டரும்

சாரல் காலங்கூட அன்று. 2024-ம் வருஷம் மே 17-ந் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென வெள்ளம் இறங்கிற்று. குளித்தோர் சிதறியோட, பதினேழு வயதுப் பிள்ளை ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு மாண்டான்.

மலைமேல் பெய்யும் மழையைத் தடுப்பார் யார்? ஆனால் கீழே நிற்கும் ஜனங்கள் எவ்வழியே ஓடுவர், எந்தப் படியில் நெருக்குண்டு நிற்பர் என்பதை முன்கூட்டியே ஆராயலாம். கம்ப்யூட்டருக்குள் ஆயிரம் கற்பனை மனிதரை நிறுத்தி, கிழவருக்கும் குழந்தையை ஏந்திய தாய்க்கும் தனித்தனி நடையும் புத்தியும் கொடுத்து ஓடவிடுகிறார்கள். படிகளையும் கம்பித் தடுப்புகளையும் பலவிதமாக அமைத்து, அதிகம் பேர் தப்பும் அமைப்புகளை மட்டும் பொறுக்கி, ஒன்றோடொன்று கலந்து, சிறிது மாற்றி, அடுத்த தலைமுறையைப் பிறப்பிக்கிறார்கள். விதைநெல் பொறுக்கும் நம் குடியானவனுக்கு இது புதிதன்று.

இவ்வாறு தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கும் முறையை அமெரிக்கரான ஜான் ஹாலண்டு 1975-ல் நூலாக வெளியிட்டார். செலவு, பத்திரம் என ஒன்றோடொன்று முரணும் நோக்கங்களை ஒருங்கே சீர்தூக்க, கான்பூர் ஐ.ஐ.டி.யில் கல்யாண்மய் தேவ் குழுவினர் வகுத்து 2002-ல் வெளியிட்ட வழியை இன்று உலகெங்கும் கையாளுகின்றனர். நம் நாட்டில் பிறந்த வித்தை நம் அருவிக்கு உதவலாகாதா?

யந்திரம் மந்திரமன்று. ஞாயிற்றுக்கிழமையன்று அருவியடியில் எத்தனை பேர், ஈரப்பாறையில் எவ்வளவு மெல்ல நடக்கின்றனர் என்று எண்ணிக் கொடாவிடில் அது பொய்யே உரைக்கும். அடுத்த சாரலுக்குள் அதிகாரிகள் அந்த எண்ணிக்கையையேனும் எடுக்க வேண்டுமெனக் கோருகிறோம்.