சாட்சி சொல்லும் நாவு



ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதை ஒரு குரு எவரிடமும், எந்நிலையிலும் வெளியிடலாகாது. ஆகவே அங்கு கேட்டதை விட்டு, ஞாயிறு திருப்பலி முடிந்தபின் கோவில் வாசலில் கேட்டதைச் சொல்கிறேன். நற்கருணை உட்கொண்ட நாவின் ஈரம் காயும் முன்னரே, "அவன்ர கதை உங்களுக்குத் தெரியாதோ?" என்று ஒரு குரல் எழும். நான்கு பேர் நெருங்கி வந்து நிற்பர். அந்தக் கதை முடிவதற்குள், அவ்விடத்தில் இல்லாத ஒருவர் விசாரிக்கப்பட்டு, குற்றவாளியாகக் காணப்பட்டு, தண்டனையும் பெற்றிருப்பார். அவர் தம் தரப்பைச் சொல்ல அங்கே இடமில்லை. இப்போது இதற்குக் கோவில் வாசல்கூடத் தேவைப்படுவதில்லை. கையில் தொலைபேசியும் அதில் ஒரு வாட்ஸ்அப் குழுவும் இருந்தால் போதும்.

ஆண்டவரைப் போற்றும் அதே நாவினால், அவருடைய சாயலில் படைக்கப்பட்ட மனிதரைச் சபிக்கிறோமே என்று யாக்கோபு தம் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்தில் வருந்துகிறார். பெருங்கப்பலைத் திருப்பிவிடும் சிறு சுக்கானுக்கு அவர் நாவை ஒப்பிடுகிறார். பேசாலையிலும் வங்காலையிலும் வாழும் நம் கடற்றொழிலாளருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 2025ஆம் ஆண்டு இறைவனடி சேர்ந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் இன்னும் கடுமையாகப் பேசினார். புறங்கூறுதல் ஒரு வகைப் பயங்கரவாதம். புறங்கூறுபவர் குண்டை எறிந்துவிட்டு அமைதியாக அகன்று போகிறவரைப் போன்றவர் என்று பல தடவை கண்டித்தார். 2015 ஜனவரி 14ஆம் நாள் மடுத்திருத்தலத்தில் நம் நடுவே வந்து நின்றவர் அவர். குண்டு விழுந்த இடம் எப்படியிருக்கும் என்பது உலகில் பலருக்கு வெறும் உவமை. நமக்கு அது உவமையன்று.

பத்துக் கட்டளைகளுள் எட்டாவது, பிறருக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொல்வதைத் தடுக்கிறது. பொய்ச்சாட்சி என்றவுடன் நீதிமன்றத்துக் கூண்டு நம் நினைவுக்கு வருகிறது. அதில் ஏறியதேயில்லை என்று நாமும் நிம்மதியடைகிறோம். திரு அவையின் போதனையோ நம்மை அவ்வளவு எளிதில் விட்டுவிடுவதில்லை. கத்தோலிக்க திரு அவையின் மறைக்கல்வி நூல் இக்கட்டளையின் கீழ் மூன்று பாவங்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டுகிறது. போதிய ஆதாரமின்றி ஒருவரிடம் குற்றம் உண்டென மனத்துக்குள்ளேனும் முடிவுசெய்வது ஒன்று. உண்மையான குறையேயாயினும், தக்க காரணமின்றி அதனை அறியாதவரிடம் எடுத்துச் சொல்வது மற்றொன்று. பொய்யுரைத்து ஒருவரது நற்பெயரைக் கெடுப்பது மூன்றாவது. "நான் பொய் சொல்லேல்லையே சுவாமி, நடந்ததைத்தானே சொன்னனான்" என்போர், இரண்டாவதைச் சற்று நிதானமாக வாசிப்பது நல்லது. குருமடத்தில் ஒழுக்கவியல் பாடத்தில் இம்மூன்றையும் வரிசைப்படுத்தி மனனஞ்செய்து, தேர்வில் நல்ல புள்ளிகளும் பெற்றேன். அந்தப் படிப்பால் பயனடைந்தேனா என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

நம் தமிழில் 'சாட்சி' என்ற சொல்லுக்கு ஓர் அழகு உண்டு. பொய் சொல்பவன் பொய்ச்சாட்சி. விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர் வேதசாட்சி. ஒரே சொல்தான் இரண்டையும் தாங்குகிறது. மன்னார்த் தீவின் தோட்டவெளிக்குச் சென்று வேதசாட்சிகளின் இராக்கினி ஆலயத்தில் முழந்தாளிடும்போதெல்லாம் இந்த நினைவு எனக்கு வருவதுண்டு. முத்துக்குளித்துறையில் செபங்களைத் தமிழில் மனனஞ்செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று சிறுவரை அழைத்துக் கற்பித்தவர் புனித பிரான்சிஸ் சவேரியார். அவரது பணியைக் கேள்வியுற்ற மன்னார் மக்கள் அவருக்கு அழைப்பு விடுத்தனர். அவர் அனுப்பிய குருவிடம் அவர்கள் திருமுழுக்குப் பெற்றனர். 1544ஆம் ஆண்டிலேயே, யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் ஏறத்தாழ 600 பேர் கொல்லப்பட்டனர். போர்த்துக்கேயரின் செல்வாக்குத் தன் நாட்டுக்குள் நுழைகிறதென்ற மன்னனின் அச்சமும் இதற்குக் காரணமாயிற்று என்பர் வரலாற்றாசிரியர். அது எவ்வாறாயினும், கற்றுக்கொண்ட சில செபங்களையன்றி வேறு மறைக்கல்வி பெற அவகாசமில்லாத புதுக்கிறிஸ்தவர்கள், கற்ற அந்தச் சொற்களை விட்டு விலகவில்லை. அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாக அவர்களைக் கொண்டாடுகிறவர்கள் நாம். அந்தச் சாட்சிகளின் பிள்ளைகளாகிய நம் வாயில் சாட்சி என்பது எப்படியிருக்கிறது?

இதற்கு விடை தேடும்போது, மறைந்த நம் ஆயர் பேரருட்திரு இராயப்பு ஜோசப் ஆண்டகையின் நினைவு வருகிறது. 1992 முதல் 2016 வரை மன்னார் மறைமாவட்டத்தின் ஆயராகப் பணியாற்றிய அவர், 2021 ஏப்ரல் 1ஆம் நாள், பெரிய வியாழனன்று இறைவனடி சேர்ந்தார். அவர் தம் வாழ்நாளில் கூறிய ஒவ்வொரு சொல்லும் எல்லோருக்கும் உடன்பாடானதன்று. அவரைப் புலிகளின் ஆதரவாளர் என்று தூற்றியோரும் உண்டு. ஆயினும் 2011 ஜனவரி 8ஆம் நாள், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் மன்னாரில் அவர் அளித்த சாட்சியத்தை, கிறிஸ்தவப் பேச்சுக்கு ஒரு பாடமாகவே நான் மதிக்கிறேன்.

அவர் சொன்னது என்ன? 2008 ஒக்ரோபர் தொடக்கத்தில் முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பகுதிகளில் இருந்த மக்கள், கச்சேரிக் கணக்கின்படி 429,059 பேர். அதன்பின் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள், 2009 ஜூலை 10ஆம் நாள் வரையான ஐக்கிய நாடுகள் கணக்கின்படி 282,380 பேர். இடையில் விடுபடுவோர் 146,679 பேர். இவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது தெளிவுபடுத்தப்பட வேண்டும் என்று அவர் கேட்டார்.

அத்தனை பேரும் கொல்லப்பட்டனர் என்று ஆயர் அன்று சொன்னதாகப் பின்னாளில் பலர் எழுதினர், மேடைகளில் முழங்கினர். அந்தச் சமர்ப்பணத்தில் அவர் கூறியது அதுவன்று. இரண்டு கணக்குகளையும் எடுத்தார். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தார். மீதியைப் பொறுப்பானவர்களின் முன் வைத்துக் கேட்டார். தமக்குத் தெரிந்ததில் ஓர் ஆளையும் குறைக்கவில்லை. தெரியாததில் ஒரு சொல்லையும் கூட்டவில்லை. தம் மக்களை அவ்வளவு பெருந்தொகையில் தேடிக்கொண்டிருந்த ஒரு மேய்ப்பருக்கு, அந்த நேரத்தில் கோபம் இல்லாதிருந்திருக்குமா? இருந்திருக்கும். ஆனால் அந்தக் கோபம் எண்களைத் தொடவில்லை. முதுகுக்குப் பின்னால் பேசாமல், அரசு நியமித்த ஆணைக்குழுவின் முகத்துக்கு நேரே அவர் பேசினார். அந்த எண்களுக்காகவே 2012 மே மாதத்தில் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தினர் வந்து அவரை விசாரித்தனர். அப்போதும் அவர் தம் கேள்வியைக் கைவிடவில்லை.

நம் பேச்சு உப்பால் சாரமேற்றப்பட்டதாய் இருக்கவேண்டும் எனத் திருத்தூதர் பவுல் கொலோசையருக்கு எழுதினார். உப்பளமும் கருவாட்டு வாடியும் உள்ள ஊரவர் நாம். உப்புக் குறைந்தால் மீன் பழுதாகும்; மிஞ்சினால் வாயில் வைக்க முடியாது. இனிமையாகப் பேசுவதே கிறிஸ்தவப் பேச்சு என்று எண்ணி, சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விடுவோர் நம்மிடையே பலர். உண்மையைத்தானே சொல்கிறேன் என்று அள்ளிக் கொட்டுவோர் அதனிலும் பலர். அளவறிந்து உப்பிடும் கை நம் பாட்டிமாருக்கு இருந்தது.

சவேரியாரின் நண்பரும் ஞானத்தந்தையுமான புனித இஞ்ஞாசியார், ஆன்மீகப் பயிற்சிகள் என்னும் தம் நூலின் தொடக்கத்திலேயே ஒரு நெறியைத் தந்திருக்கிறார். மறைக்கல்வி நூலும் அதனை எடுத்தாள்கிறது. அயலவரின் கூற்றைக் கண்டிக்க விரைவதைவிட, நல்ல பொருளில் ஏற்க ஆயத்தமாயிருப்பதே கிறிஸ்தவருக்கு அழகு. அவ்வாறு ஏற்க முடியாதபோது, அவர் அதனை எப்பொருளில் சொன்னார் என்று அவரிடமே கேட்கவேண்டும். தவறாயிருப்பின் அன்போடு திருத்தவேண்டும். இதில் என்னை உறுத்துவது நடுவிலுள்ள அந்தச் சிறிய கட்டளைதான்: அவரிடமே கேள். பிழைசெய்த சகோதரனிடம் முதலில் தனித்துச் சென்று பேசுமாறு ஆண்டவர் மத்தேயு நற்செய்தியின் பதினெட்டாம் அதிகாரத்தில் பணிப்பதும் இதனையே.

நான் கேட்கவில்லை. அதைத்தான் இனிச் சொல்லவேண்டும்.

போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. புதிதாகக் குருப்பட்டம் பெற்ற நான், கரையோரப் பங்கு ஒன்றில் பணியேற்றேன். ஊரையும் ஆளையும் இனங்காட்டும் எதையும் இங்கு எழுதப்போவதில்லை. ஞாயிறுதோறும் திருப்பலிக்கு வந்து, உள்ளே நுழையாமல் கிணற்றடியில் நின்றே செபிக்கும் ஒருவரை முதல் வாரத்திலேயே கவனித்தேன். ஐம்பது வயதைத் தாண்டியவர், கடற்றொழில் செய்பவர். "அவனோட கதை வச்சுக்கொள்ளாதீங்கோ சுவாமி, அவன் காட்டிக்கொடுத்தவன்" என்றனர். ஒருவரல்லர், பல வீடுகளில் அவ்வாறு சொன்னார்கள். நம் நாட்டில் அந்தச் சொல்லின் பாரம் வாசகர்களுக்குத் தெரியும். அந்த ஒரு சொல்லுக்காக, விசாரணையின்றி உயிரிழந்தவர்கள் உண்டு.

நான் அவரைப் பற்றி எவரிடமும் தவறாகப் பேசவில்லை. அதனால் என்னைக் குற்றமற்றவன் என்றே எண்ணிக்கொண்டேன். ஆனால் மற்றவர்களிடம் நின்று நலம் விசாரிக்கும் நான், அவருக்கு ஒரு தலையசைப்போடு நிறுத்திக்கொண்டேன். பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்குக்கு மூப்பர் தந்த பன்னிருவர் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. வீண் சச்சரவு எதற்கென்று அதனை வெட்டிவிட்டு வேறொருவரைச் சேர்த்தேன். மூப்பர் என் முகத்தை ஒருமுறை பார்த்தார்; ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு நற்கருணை ஆராதனை முடிந்து ஆலயம் வெறுமையானபின், அவருடைய மனைவி அறைவீட்டு வாசலில் வந்து நின்றார். அழவில்லை, குரலை உயர்த்தவுமில்லை.

"சுவாமி, நீங்கள் அவரிட்ட ஒருக்காக் கேட்டிருக்கலாமே."

பிறகு அவரே சொன்னார். 2008ஆம் ஆண்டு அவர்களுடைய மூத்த மகன் காணாமற்போனான். தகப்பன் வாரந்தோறும் இராணுவ முகாமின் வாசலுக்குச் சென்று, மகன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டு நின்றார். சில நாள்களில் உள்ளே அழைத்தார்கள். பல நாள்களில் துரத்தினார்கள். அவர் முகாமுக்குள் போவதையும் வருவதையும் ஊர் கண்டது. எதற்குப் போகிறார் என்று கேட்கவில்லை. அதே மாதங்களில் ஊரில் வேறிரு இளைஞர்கள் பிடிக்கப்பட்டபோது, கண்டதையும் காணாததையும் சேர்த்து ஊர் ஒரு கதையை முடித்துவைத்தது. சொந்த மகனைத் தேடி நடந்த காலடிகளே அவருக்கு எதிரான சாட்சியாயின.

மறுநாள் பெரிய வெள்ளி. 1705ஆம் ஆண்டு தலைமன்னாரில் கரையிறங்கிய கோவா நாட்டுக் குருவான யாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார் இயற்றிய வியாகுலப் பிரசங்கத்தை ஆலயத்தில் பாடிக்கொண்டிருந்தனர். பொய்ச்சாட்சிகளின் நடுவே மௌனமாய் நின்ற ஆண்டவரின் பாடுகளை அன்று என்னால் இருந்து கேட்க முடியவில்லை. எழுந்து அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் வலை பொத்திக்கொண்டிருந்தார். வழியெல்லாம் சொற்களை ஒழுங்குசெய்துகொண்டு சென்றேன். அங்கு அவற்றில் ஒன்றும் வரவில்லை. "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா, நான் உங்களிட்டக் கேட்கேல்லை" என்று மட்டும் சொன்னேன்.

அவர் வலையிலிருந்து கையை எடுக்காமலே, "இப்ப வந்தனீங்கள்தானே சுவாமி. இருங்கோ" என்றார். வெறுந்தேநீர் வந்தது. மகனின் படத்தை எடுத்துவந்து காட்டினார். பத்தொன்பது வயது. எதிர்வரும் ஞாயிறு பிரசங்கத்தில் உண்மையைச் சொல்கிறேன் என்றபோது பதறிப்போனார். "பிரசங்கத்தில என்ர பேரை எடுக்காதீங்கோ சுவாமி. திரும்பவும் எல்லாரும் கதைப்பினம்."

ஒருவரது நற்பெயருக்கு இழைத்த தீங்கை இயன்றவரை ஈடுசெய்வது கடமை என்பது திரு அவையின் போதனை. பாவமன்னிப்புப் பெற்றதோடு அக்கடமை தீர்ந்துவிடுவதில்லை. ஆகவே பாஸ்கா வாரத்தில், அந்தக் கதையை நான் கேட்ட வீடுகளுக்கே ஒவ்வொன்றாகச் சென்றேன். ஏழு வீடுகள். கேட்டதை நானும் நம்பினேன், விசாரிக்காமல் நம்பியது என் பாவம், அது பொய் என்று சொன்னேன். மூன்று வீடுகளில் தலைகுனிந்து கேட்டனர். இரண்டு வீடுகளில் பேச்சை மாற்றினர். ஒரு வீட்டில், "நெருப்பில்லாமல் புகையுமோ சுவாமி?" என்றனர். ஏழாவது வீடு, பிடிக்கப்பட்டுத் திரும்பாத இளைஞர் ஒருவரின் வீடு. அந்தத் தாய் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "அப்ப அவைக்கும் பிள்ளை இல்லையே" என்றார்.

இரண்டு ஆண்டுகளில் எனக்கு வேறு பங்குக்கு மாற்றம் வந்தது. அண்மையில் அங்கு திருவிழாத் திருப்பலி நிறைவேற்றச் சென்றேன். அவர் நன்றாக முதுமையடைந்துவிட்டார். இப்போதும் ஆலயத்துக்குள் வருவதில்லை, பழகிவிட்டது என்கிறார். மறையுரை ஆற்றும்போது வாசல் வழியே கிணற்றடி எனக்குத் தெரிந்தது. அவருக்குப் பக்கத்தில், முக்காட்டைச் சரிசெய்தபடி, அந்த ஏழாவது வீட்டுத் தாயும் நின்றுகொண்டிருந்தார்.