மலைக்குப் போன கைபேசியும் பிள்ளைகளின் உதவித்தொகையும்

போடிநாயக்கனூர், சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம் பகுதிகளிலிருந்து விடியும் முன்பே தோட்ட ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. மலையேறி இடுக்கி மாவட்ட ஏலக்காடுகளுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்களில் நம் பெண்கள் ஏராளம். அவர்களுடைய பிள்ளைகள் இன்று கல்லூரி வாசலை மிதித்திருக்கிறார்கள். பலர் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள். அவர்களின் படிப்பு பாதியில் அறுந்துவிடாமல் காப்பது, பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்போருக்கான ‘போஸ்ட் மெட்ரிக்’ உதவித்தொகை.

இது யாரோ இரக்கப்பட்டுத் தரும் பணம் அல்ல. 1913-ல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் அமெரிக்கா சென்று படித்தவர் அம்பேத்கர். 1942-ல் வைஸ்ராய் நிர்வாகக் குழு உறுப்பினரானதும், பட்டியல் சமூகத்தின் குறைகளை மனுவாக எழுதி வைஸ்ராயிடம் கொடுத்தார். உயர்கல்விக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது அதில் முக்கியமான கோரிக்கை. 1944-ல் இத்திட்டம் வந்தது.

2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை இதைத் திருத்தி, ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் தந்தது. மத்திய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கட்டாயக் கட்டணங்கள் போக, பொறியியல் போன்ற தொழிற்பட்டப் படிப்புக்கு விடுதி மாணவருக்கு ஆண்டுக்கு 13,500, வீட்டிலிருந்து வருவோருக்கு 7,000 ரூபாய். கலை, அறிவியல் பட்டப்படிப்புக்கு முறையே 6,000, 3,000 ரூபாய்.

விண்ணப்பம் இப்போது முழுக்க இணையவழி. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. மாணவரின் ஆதாரில் அம்மாவின் கைபேசி எண் இருக்கும். பிரவுசிங் சென்டரில் பிள்ளை காத்திருக்கும்போது ஓடிபி அம்மாவின் கைபேசிக்குப் போகும். அம்மாவோ சிக்னல் எட்டாத ஏலக்காட்டில் காய் எடுத்துக்கொண்டிருப்பார். சில நிமிடங்களில் ஓடிபி காலாவதியாகிவிடும். மறுநாள் அம்மா வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்தால் ஒருநாள் கூலி போய்விடும். பகல் முழுவதும் வீட்டில் ஆளும் சிக்னலும் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்ட நடைமுறை இது.

ஆகவே மாணவர்களே, கடைசித் தேதி வரை காத்திராதீர்கள். முதல் வேலையாக ஆதார் மையத்தில் உங்கள் கைபேசி எண்ணைப் பதியுங்கள். ஆதார், மதிப்பெண் பட்டியல், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

சாதிச் சான்றும் வருமானச் சான்றும் இ-சேவை வழியாகப் பெற்ற, எண்ணுள்ள சான்றுகளாக இருக்கட்டும். பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியரும் பழங்குடியினருக்குக் கோட்டாட்சியரும் சாதிச் சான்று தர வேண்டும். கொட்டகுடி பக்கத்து மலைவாழ் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும். எந்த மாநிலத்தவரோ அந்த மாநில அரசே உதவித்தொகை தரும் என்பதால், இடுக்கியில் லயத்தில் தங்கியிருக்கும் பெற்றோர் ஊரிலுள்ள ரேஷன் அட்டையையும் முகவரியையும் விட்டுவிடக் கூடாது.

வங்கியில் ஆதார் எண்ணைக் கொடுத்தால் மட்டும் போதாது. அரசுப் பணம் நேரடியாக வந்து சேரும்படி ஆதாரைக் கணக்குடன் இணைத்துத் தரும்படி எழுதிக் கொடுங்கள். கடைசியாக எந்த வங்கியில் அப்படி இணைத்தீர்களோ அங்குதான் பணம் போகும். வங்கியில் இழுத்தடித்தால் அஞ்சலகத்தில் இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்கு தொடங்கலாம்.

இவை முடிந்ததும், கல்லூரியில் தரும் யூமிஸ் எண்ணைக் கொண்டு மாநில உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பித்து, ஒப்புகைப் படிவத்தைப் பத்திரப்படுத்துங்கள். கல்லூரி சரிபார்த்து மேலே அனுப்பினால்தான் விண்ணப்பம் நகரும். எந்த நிலையில் இருக்கிறது என்று வாரம் ஒருமுறை பாருங்கள். ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும்.

பணம் வந்த பிறகும் ஒரு ஆபத்து உண்டு. கணக்கில் விழும் தொகையில் கல்லூரிக் கட்டணமும் சேர்ந்திருக்கலாம். வீட்டுக் கடனுக்கு அதை எடுத்துவிட்டால் பிறகு கல்லூரிக் கட்டணமே கடனாகிவிடும். கட்டணத்தை ஒரு வாரத்துக்குள் கட்டி ரசீது வாங்குங்கள்.

விண்ணப்பம் தேங்கினால் தேனியிலுள்ள மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது பெறுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். பதினெட்டு வயதுப் பிள்ளை அலுவலகத்தில் போய்க் கேள்வி கேட்பது திமிர் அல்ல, உரிமை.

மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு கோரிக்கை. ஆதார், இ-சேவை, வங்கி ஊழியர்களை ஒன்றாக அழைத்துக்கொண்டு, ஜீப்புகள் இறங்கிவரும் மாலை நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் நம் தெருக்களிலேயே முகாம் நடத்துங்கள். தாய் ஒருநாள் கூலியை இழந்துதான் பிள்ளை உதவித்தொகை பெற வேண்டும் என்ற நிலை மாற வேண்டும்.