அண்டை வீட்டாரின் சாட்சியம்

கத்தோலிக்கக் குடும்பங்களில் பிள்ளைகள் ஞானோபதேசம் படிக்கும் வயதிலேயே காதில் விழுந்துவிடும் சொல் நன்மாதிரிகை என்பது. வாயினால் போதிப்பது குருக்களின் தொழிலாக இருக்கலாம், நடந்து காட்டுவதோ ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவருக்கும் உரிய கடமை என்பது அதன் தாத்பரியம். மலைப்பிரசங்கத்தில் இயேசுநாதர் இதைப் பற்றிப் பேசும்போது, சீடருடைய நற்கிரியைகளைக் கண்டு கடவுளைத் துதிக்க வேண்டியவர்களாகக் குறிப்பிடுவது அவர்களைச் சூழ்ந்து வாழும் ஜனங்களையே. ஆகவே ஒரு கிறிஸ்தவனுடைய மாதிரிகை நல்லதா தீயதா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் ஒருவகையில் அண்டை வீட்டாரிடம் இருக்கிறது. அந்தத் தீர்ப்பு எழுத்தில் கிடைப்பது அபூர்வம். புதுச்சேரிக்கு மட்டும் அந்தப் பாக்கியம் வாய்த்தது.

1736-ஆம் ஆண்டு தொடங்கித் தம் காலத்து நடப்புகளையெல்லாம் எழுதி வைத்த ஆனந்தரங்கப் பிள்ளை கிறிஸ்தவர் அல்லர். பிரெஞ்சுக் கும்பெனியின் தலைமைத் துபாஷாக இருந்த கிறிஸ்தவரான கனகராய முதலியாருக்குப் போட்டியாளர் வேறு. பட்சபாதம் அற்ற சாட்சி என்று அவரைச் சொல்வதற்கில்லை. ஆயினும் கண்ணில் பட்டது எதையும் தவறவிடாத சாட்சி.

அவர் எழுதியவற்றுள் 1745-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்துச் சம்பவம் ஒன்று விசேஷமானது. இன்று மிஷன் வீதியில் மாதா கோயில் நிற்கும் இடத்தில் அந்நாளில் இருந்த, ஜனங்கள் சம்பா கோயில் என்று வழங்கிய சேசு சபையாரின் ஆலயத்தில், தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர் ஒரு புறமும் மற்றச் சாதியார் ஒரு புறமுமாக இருந்து பூசை காணும்படி நடுவே ஒரு சுவர் எழும்பியிருந்தது. தாழ்த்தப்பட்டோரின் வீடுகளுக்கே சென்று நோயாளிகளுக்குத் தேவதிரவிய அனுமானங்களை வழங்கக் குருமார் தயங்கலாகாது என்று போப்பாண்டவரின் தூதரான தூர்நோன் என்பவர் 1704-ல் இதே ஊரில் இருந்துகொண்டு கட்டளை பிறப்பித்திருந்தார்; நாற்பது ஆண்டுகள் வாதங்களிலேயே கழிந்தபின், 1744-ல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் அதை மீண்டும் வற்புறுத்த நேர்ந்தது. மறு ஆண்டில் காரைக்காலிலிருந்து வந்த குரு ஒருவர், அங்கே இத்தகைய தடுப்பு இல்லை என்று எடுத்துச் சொல்லித் தூண்டவே, தாழ்த்தப்பட்டோர் திரண்டு சென்று மூத்த குருவிடம் முறையிட்டார்கள். அவர் அவர்களைத் தழுவிக்கொண்டு, எல்லோரும் தம் பிள்ளைகளே என்று கூறி, சுவரை இடிக்கச் செய்தார். மற்றச் சாதிக் கிறிஸ்தவர்களுக்கு வந்த கோபமோ சொல்லி முடியாது. அவர்களுள் ஒருவர் குருவின் அங்கியையே பிடித்து இழுத்து அவமரியாதையாகப் பேசினார் என்கிறது நாட்குறிப்பு. கோயிலின் செல்வாக்கு முழுவதும் யாரைச் சார்ந்திருந்ததோ அவர்களையே பகைத்துக்கொண்டு செய்த காரியம் அது என்பதை நினைத்துப் பார்த்தால்தான் அந்தக் குருவின் செயலுக்குள்ள மதிப்பு விளங்கும்.

அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே இன்னொரு காட்சி. 1739-ல் இறந்துபோன தம் மகன் வேலவேந்திரனின் ஞாபகார்த்தமாக ஒழுகரையில் (இன்றைய ரெட்டியார்பாளையத்தில்) புனித அந்திரேயாவுக்கு ஆலயம் எழுப்பிய கனகராய முதலியார், கவர்னர் துய்ப்ளேக்ஸ் முதற்கொண்டு ஊரில் உள்ள சகல வகுப்பாரையும் அழைத்துப் பெருவிருந்து வைத்தார். பிராமணச் சமையற்காரர் சமைத்தது ஒரு பக்கம், வேளாளருக்கென்று சமைத்தது ஒரு பக்கம், ஐரோப்பியருக்கு மேசை போட்டுப் பரிமாறியது வேறொரு பக்கம் என்று எவருடைய ஆசாரத்துக்கும் பங்கம் வராமல் அந்த விருந்து நடந்தது. புத்திரசோகத்தில் துவண்ட ஒரு தகப்பன் ஊரையே உபசரித்ததைக் குறை கூற மனம் வரவில்லை. விருந்தினரின் வழக்கத்தை மதிப்பதும் ஒரு பண்புதான். எனினும் சில வாரங்களுக்கு முன்பு சம்பா கோயிலில் இடிந்த சுவர் ஒழுகரையில் இலை வரிசைகளாக எழுந்துவிட்டதோ என்று எண்ணாமலும் இருக்க முடியவில்லை.

துர்மாதிரிகையும் அதே ஏட்டில் பதிந்திருக்கிறது. 1748-ல் ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்ட சமயத்தில், சம்பா கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த வேதபுரீஸ்வரர் ஆலயம் இடிக்கப்பட்டதையும், அதில் குருமார் காட்டிய உற்சாகத்தையும் பிள்ளை ஆறாத மனத்துடன் எழுதியிருக்கிறார். சொந்தக் கோயிலுக்குள் சாதிச் சுவரைத் தகர்த்த சபையே மூன்று ஆண்டுகளில் அயலாரின் கோயில் மதிலைத் தகர்ப்பதற்குத் துணை நின்றது. வரலாறு இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறது.

ஒரு நூற்றாண்டுக்குப்பின், 1844-ல், ஆயர் பொன்னான் புதுச்சேரியில் கூட்டிய சங்கம் இந்நாட்டவரின் கல்வியை முக்கியமான பணியாக எடுத்துக்கொண்டது. எழுத்துப் படிப்பு குலஸ்திரீகளுக்கு ஆகாது, தாசிகளுக்கே உரியது என்று கருதிய அக்காலத்தில், பிரெஞ்சு மிஷனரியான துப்புயி சுவாமியார் அதே ஆண்டில் மரியன்னையின் மாசற்ற இருதயத்தின் பெயரால் இவ்வூர்ப் பெண்களைக்கொண்டே ஒரு கன்னியர் சபையைத் தொடங்கி, பெண்மக்களுக்குப் பாடம் சொல்லும் பொறுப்பை அதனிடம் ஒப்படைத்தார். தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் அகராதி செய்தவர்களுள் ஒருவராக அவரை அறிஞர் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அந்தக் கன்னியரின் பெயர்களோ வெளியே அநேகமாகத் தெரியாது, அவர்களுடைய அன்றாட நடத்தையைக் குறித்து வைக்க ஒரு ரங்கப்பிள்ளையும் அவர்களுக்கு வாய்க்கவில்லை. ஆனால் புதுச்சேரியில் கன்னியர் நடத்தும் பள்ளிகளின் வாசலில் மணியடிக்கும் நேரத்தில் நின்று பார்த்தால், நெற்றியில் திருநீறும் குங்குமமுமாகத் தாய்மார் தங்கள் பெண்களை உள்ளே அனுப்பிவிட்டுத் திரும்புவதைக் காணலாம்.