பழைய ஜீப்பிலும் டிராக்டரிலும் பிரேக்கைப் பேணும் முறை

வேலூர், குடியாத்தம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள பூமிகள் பாலாற்றுச் சமவெளியோடு முடிந்துவிடுவனவல்ல. ஒரு புறம் ஏலகிரியும் ஜவ்வாது மலையும், மறுபுறம் ஆந்திர எல்லையை ஒட்டிய குன்றுகளும் நிற்கின்றன. மலையடிவாரத்திலும் மலைமீதும் நிலம் வைத்திருப்போரில் சிலர், எருவும் விதையும் ஏற்றவும், புளியும் சாமையும் இறக்கவும் பழைய ஜீப்பு வண்டியையே இன்றும் நம்பியிருக்கின்றனர். மகிந்திரா கம்பெனியார் 1947-இல் வில்லிஸ் ஜீப்பை நம் நாட்டில் பூட்டி விற்கத் தொடங்கினர். அவ்வழி வந்த வண்டிகள் பல பத்தாண்டுகள் கடந்தும் உழைக்கின்றன.

எஞ்சின் சற்று இரைந்தால் உடனே ஒர்க்ஷாப்புக்கு ஓடும் சொந்தக்காரர், பிரேக்குப் பெடல் ஆழமாய் இறங்கினால் மட்டும், "இரண்டு மிதி மிதித்தால் பிடித்துக்கொள்ளும்" என்று சொல்லிக் காலம் கடத்துவதுண்டு. அந்த இரண்டாவது மிதியில்தான் அபாயம் இருக்கிறது. இதை விளங்கிக்கொள்ளப் பிரேக்கின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும்.

பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிரேக் ஆயில் அழுத்தப்பட்டு, குழாய்களின் வழியே நான்கு சக்கரங்களிலுமுள்ள சிறு சிலிண்டர்களுக்குச் செல்கிறது. அவை பிரேக் ஷூக்களை விரித்து, சுழலும் டிரம்மின் உட்புறத்தில் அழுத்துகின்றன. பிற்கால வண்டிகளில் இந்த ஆயிலோட்டம் இரு பகுதியாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒன்று கெட்டாலும் மற்றொன்று வண்டியை ஒருவாறு நிறுத்தும். பழைய ஜீப்பில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே ஓட்டந்தான். எங்கேனும் ஒரு குழாய் வெடித்தாலும், ஒரு சக்கரத்தின் ரப்பர் கப் கிழிந்தாலும், நான்கு பிரேக்குகளும் ஒருங்கே போய்விடும். ஆகவே இவ்வண்டியில் சிறிய கசிவு என்று ஒன்று கிடையாது.

தோல் பதனிடும் நாட்டாருக்கு ஒரு செய்தி சுவையாயிருக்கலாம். மால்கம் லாக்ஹீட் என்னும் அமெரிக்கர் 1917-இல் ஹைட்ராலிக் பிரேக்குக்கு உரிமை பெற்றபின் வந்த ஆரம்ப அமைப்புகளில், சிலிண்டருக்குள் இருந்த கப்புகள் பச்சைத் தோலால் ஆனவை. அவை உலர்ந்தும் சுருங்கியும் கசிந்தன. கிரைஸ்லர் கம்பெனியார் 1924-இல் வெளியிட்ட காரில் ரப்பர் கப்புகளை அமைத்த பின்னரே இம்முறை நம்பகமாயிற்று. ஆம்பூரில் எத்தனை நேர்த்தியான தோல் கிடைத்தாலும், அதை வெட்டிக் கப்பாகச் செருக முயல வேண்டாம்.

பிரேக் ஆயில் என்ற பெயரே ஏமாற்றுவதாக இருக்கிறது. ஆயில் என்பதனால், அவசரத்தில் எஞ்சின் ஆயிலையோ மண்ணெண்ணெயையோ ஊற்றிச் சமாளிப்போர் உளர். இவை பட்டால் ரப்பர் கப்புகள் ஊதிக் கெடும். ஒருமுறை ஊற்றிவிட்டால், ரப்பர் பாகங்கள் யாவற்றையும் மாற்றிக் குழாய்களைக் கழுவுவது தவிர வேறு வழியில்லை. உரிய ஆயிலும் என்றும் ஒரே நிலையில் இராது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்னும் வகை, புதிதாயிருக்கும்போது 205 டிகிரி சென்டிகிரேடு வரை கொதியாமலிருக்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அவ்வரம்பு 140 டிகிரியாகக் குறைகிறது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றிவிடுதல் நலம். மூடியிட்டு வைத்த பழைய டப்பாவில் மிச்சமிருப்பதை ஊற்றுவது வீண் சிக்கனமாகும். வில்லிஸ் அமைப்பில் மாஸ்டர் சிலிண்டர் கால் வைக்கும் தகட்டின் கீழ் இருப்பதால், மூடியைத் திறக்குமுன் சுற்றிலுமுள்ள சேற்றை நன்றாய்த் துடைத்தல் வேண்டும்.

இப்பிரதேசத்துக்கே உரிய கெடுதி ஒன்றுண்டு. உப்பிட்ட தோல் ஏற்றிய வண்டியில் உப்புநீர் பலகையிடுக்கு வழியே சொட்டி, சட்டத்தை ஒட்டிச் செல்லும் இரும்புக் குழாய்களைத் துருவேற்றும். வெளியே பெயின்டு இருப்பதால் துரு தெரிவதில்லை. விரலால் தடவினால் பொருக்குத் தட்டுப்படும். அத்தகைய குழாயை ஒட்டுப் போடாது மாற்றிவிடுக. தோல் ஏற்றிய அன்றே அடிப்புறத்தை நல்ல நீரால் கழுவிவிட்டால் இத்தொல்லை பெரிதும் குறையும். பாலாற்று மணலும் இவ்வாறே தீங்கு செய்வது. 2021 நவம்பரில் பாலாற்றிலும் கவுண்டன்ய ஆற்றிலும் வெள்ளம் வந்ததுபோன்ற காலங்களில் ஓடையைக் கடந்த வண்டியின் டிரம்முக்குள் நீரும் மணலும் புகும். நீரால் பிரேக்கு வழுக்கும். ஆதலால் கரையேறியதும் பெடலை மெல்ல மிதித்தவாறே சிறிது தூரம் ஓட்டி உலர்த்த வேண்டும். மணல் தங்கிவிட்டாலோ டிரம்மைக் கழற்றியே தீரவேண்டும். கழற்றும்போது உள்ளேயுள்ள தூளை வாயால் ஊதுவதும் காற்றடிப்பதும் கூடா. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அது நுரையீரலுக்குக் கொடியது. ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே முறை.

வண்டியைக் கழற்றாமலே பிரேக்கின் நிலையை அறியலாம். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெடலை ஒரு நிமிஷம் உறுதியாய் மிதித்திருக்க, அது மெல்ல மெல்லக் கீழே இறங்குமாயின் எங்கேயோ கசிவு உண்டு, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் கப் தேய்ந்துவிட்டது. இரண்டாவது மிதியில் பெடல் உயர்ந்து நின்றால், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி மிகுந்திருக்கும். மிதிக்கையில் பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. ஏர் எடுக்கும்போது, மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்திலுள்ள சக்கரத்தில் தொடங்கி, அண்மையிலுள்ளதில் முடிப்பது வழக்கம். பிரேக்கு பிடிக்கையில் வண்டி ஒரு பக்கமாய் இழுத்தால், மறுபக்கத்து லைனிங்கில் எண்ணெய் படிந்துள்ளதா என்று முதலில் பார்க்க.

இனி மலையிறக்கம். ஏலகிரிப் பாதையில் 14 கொண்டையூசி வளைவுகள் இருக்கின்றன. சுமையோடு ஒன்றரை டன் நிறையுள்ள வண்டி 600 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குவதாகக் கொள்வோம். அதனால் வெளிப்படும் உஷ்ணம், 30 டிகிரியிலுள்ள சுமார் 30 லிட்டர் தண்ணீரை, அதாவது ஏறக்குறைய இரண்டு குடத்தை, கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. எஞ்சினைத் துணைக்கொள்ளாமல் பிரேக்கையே மிதித்து இறங்கினால், இவ்வுஷ்ணத்தில் பெரும்பகுதி நான்கு டிரம்முகளில் சேருகிறது. டிரம் சூட்டினால் விரிந்து ஷூவை விட்டு விலகும்; லைனிங் பிடிப்பை இழக்கும்; ஈரமேறிய ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கக்கூடியதாகையால் பெடல் தரையைத் தொட்டும் வண்டி நில்லாது. எண்ணெய் மிச்சமென்று நியூட்ரலில் இறக்குவது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும். எந்தக் கியரில் ஏறியதோ அதே கியரில், இறக்கம் தொடங்குமுன்னரே மாற்றிக்கொண்டு இறங்குக. செங்குத்தான மண்பாதையாயின் லோ ரேஞ்சைப் போடுதல் உத்தமம்.

வில்லிஸ் வகை ஜீப்பின் ஹேண்ட் பிரேக்கு, சக்கரங்களிலன்றி, டிரான்ஸ்பர் கேஸின் பின்னுள்ள சுழல்தண்டில் பிடிப்பது. இதை நம்பிச் சரிவில் நிறுத்திப் பின்சக்கரமொன்றை ஜாக்கியில் தூக்கினால், தூக்கிய சக்கரம் தடையின்றிச் சுழன்றுகொடுக்க, தரையிலுள்ள மற்றதும் உருளும். வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். முன்சக்கர இணைப்பைப் போட்டிருப்பினும், சக்கரங்களுக்குக் கட்டையோ பெருங்கல்லோ வைக்காமல் ஜாக்கியைத் தொடலாகாது.

டிராக்டரில் இடமும் வலமும் தனித்தனிப் பிரேக்குப் பெடல்கள் உள்ளன. வயலில் குறுகத் திரும்ப இவை உதவும். சாலையில் ஏறுமுன் இரண்டையும் இணைக்கும் பூட்டைப் போட மறந்தால், வேகத்தில் ஒரு பக்கம் மட்டும் பிடித்து டிராக்டர் கவிழும். பூட்டியபின்னும் இரு பக்கமும் சமமாய்ப் பிடிக்கின்றனவா என்பதை வெறும் வண்டியில் சோதிக்க. பிரேக்கில்லாத டிரெய்லரில் செங்கல்லோ மணலோ ஏற்றி இறக்கத்தில் வந்தால், டிரெய்லர் டிராக்டரைத் தள்ளிக்கொண்டு போகும்.

திருவிழாக் காலத்தில் ஜனங்களை டிரெய்லரிலும் சரக்கு வண்டியிலும் ஏற்றிச் செல்வது இன்னும் நின்றபாடில்லை. 2022 ஏப்ரலில் ஜவ்வாது மலையில் செம்பரை அருகே கோயிலுக்குச் சென்றோரை ஏற்றிய சரக்கு வண்டி பள்ளத்தில் விழுந்து 11 பேர் மாண்டனர். சொந்த வண்டிக்குப் பதிவான 15 வருஷம் கழித்துப் புதுப்பிக்கும்போது நடக்கும் பரிசோதனை, அதன்பின் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. இடைப்பட்ட காலத்தில் பார்ப்பார் வேறு எவருமில்லை. கிராம அதிகாரிகள் திருவிழாவுக்கு முந்திய வாரத்திலேயே வண்டிக்காரர்களை அழைத்துச் சொல்லி, பஸ்ஸுக்கு ஏற்பாடு செய்ய ஊராருக்கு உதவுவார்களாக.