தங்கவயலில் தொடங்கிய கேள்வி: தொண்டிலிருந்து நீதியை நோக்கி

புது தில்லி: மனிதக் கழிவை மனிதரே அகற்றும் கொடுமை தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014 மார்ச் 27-ஆம் தேதி முக்கியத் தீர்ப்பை வழங்கியது. 2003-இல் இவ்வழக்கைத் தொடுத்தவர்களில் முதன்மையானது சஃபாய் கர்மசாரி ஆந்தோலன். அந்த இயக்கத்தின் வேர் கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் உள்ளது.

1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கு சுரங்கப் பணியைத் தொடங்கியது. 1902-இலேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. மூன்று கிலோ மீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குச் சுரங்கம் தோண்டப்பட்டது. பூமிக்கடியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ஆனால், அவர்களது குடியிருப்புகளில் பல ஆண்டுகள் உலர் கழிப்பிடங்களே இருந்தன. அவற்றை வாளிகளில் அள்ளிச் சுமக்கும் வேலை தலித்துகள் மீது சுமத்தப்பட்டது.

அத்தகைய ஒரு தெலுங்குக் கிறிஸ்தவக் குடும்பத்தில் 1966-இல் பிறந்தவர் பெஜவாடா வில்சன். பெற்றோர் தங்கள் வேலையின் தன்மையை மகனிடம் நெடுநாள் மறைத்தே வந்தனர்.

மாலை நேரப் பாடம்

இளைஞரான வில்சன், துப்புரவுத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் தொண்டில் ஈடுபட்டார். குழந்தைகள் பள்ளியை விட்டு நிற்பதற்கு வீட்டு வறுமை காரணமாகத் தெரிந்தது. வறுமைக்குத் தந்தையரின் குடிப்பழக்கம் காரணமாகத் தெரிந்தது. ஏன் குடிக்கிறீர்கள் என்று கேட்டபோது, குடிக்காமல் இந்த வேலையைச் செய்ய முடியாது என்றனர்.

வேலை நடக்கும் இடத்துக்கே சென்றார் வில்சன். மலக்குழிக்குள் வாளி விழுந்துவிட, தொழிலாளி ஒருவர் வெறுங்கையை உள்ளே விட்டு அதை எடுத்ததைக் கண்டு கதறி அழுதார். உயிரை விட்டுவிடலாம் என்றுகூட அன்று எண்ணியதாகப் பின்னர் பேட்டிகளில் கூறியிருக்கிறார்.

பாடம் சொல்லிக் கொடுப்பதோடு அவர் நிற்கவில்லை. நிர்வாகத்துக்கும் அரசுக்கும் கடிதங்கள் எழுதினார். கழிப்பிடங்களைப் படம் பிடித்தார். 1993-இல் உலர் கழிப்பிடங்களைத் தடை செய்யும் சட்டம் நிறைவேறிய பிறகு, அப்படங்கள் பத்திரிகையில் வெளியாகி நிர்வாகத்தை நெருக்கின. உலர் கழிப்பிடங்கள் மாற்றப்பட்டன. தொழிலாளர்களுக்கு மாற்றுப் பணி கிடைத்தது. 1990-களின் நடுப்பகுதியில், ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி எஸ்.ஆர். சங்கரன் உள்ளிட்டோரின் துணையுடன் நாடு தழுவிய இயக்கம் உருவானது.

கருணை போதுமா?

நீதிக்காகச் செயல்படுவதும் நற்செய்திப் பணியின் பிரிக்க முடியாத அங்கமே என்று 1971-இல் ரோமில் கூடிய கத்தோலிக்க ஆயர் மாமன்றம் அறிவித்தது. இளைஞர்கள் ஓராண்டு ஏழைகளிடையே தங்கிப் பணியாற்றும் கத்தோலிக்கத் தன்னார்வத் திட்டங்கள் பல நாடுகளில் உள்ளன. அவற்றின் முன் நிற்கும் கேள்விக்குத் தங்கவயலில் விடை உண்டு. பசித்தவருக்கு உணவளிப்பது கருணை; அவர் ஏன் பசித்திருக்கிறார் என்று கேட்டு, அந்தக் காரணத்தை எதிர்க்கத் துணிவதே நீதி. வில்சன் அந்த மக்களில் ஒருவர் என்பதால், ஓராண்டு முடிந்து ஊர் திரும்பும் வசதியும் அவருக்கு இல்லை.

தீராத வழக்கு

1993 முதல் கழிவுநீர்க் குழிகளில் இறந்தோரின் குடும்பங்களுக்குத் தலா ரூ. 10 லட்சம் வழங்க 2014 தீர்ப்பு உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இத்தொகையை ரூ. 30 லட்சமாக உயர்த்தியது. எனினும், மனிதக் கழிவை அகற்றும் பணியால் எவரும் இறந்ததாகத் தகவல் இல்லை என 2021-இல் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. கழிவுநீர்க் குழி மரணங்கள் தனிக் கணக்கில் வைக்கப்பட்டன.

"எங்களைக் கொல்லாதீர்கள்" என்ற முழக்கத்துடன் 2015 டிசம்பரில் திப்ரூகரில் புறப்பட்ட பீம் யாத்திரை, 125 நாள்களுக்குப் பின் 2016 ஏப்ரல் 13-இல் தில்லியை அடைந்தது. அதே ஆண்டு வில்சனுக்கு மகசேசே விருது கிடைத்தது.

தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. அங்கு மாலை வகுப்பில் பிறந்த கேள்வி மட்டும் இன்னும் தில்லியின் வாசலில் நிற்கிறது.