நூறு கலம் நெல்லும் ஒரு பங்கும்: பெரிய கோயிலின் பணியாளர் நிர்வாகம்

வேலை இன்னது, கூலி இவ்வளவு, ஆள் இல்லாமற்போனால் அந்த இடத்துக்கு யார் என்னும் மூன்றையும் முன்கூட்டியே எழுதிவைப்பது பணியாளர் நிர்வாகத்தின் அடிப்படை என்பதற்கு, முதலாம் இராசராசன் 1010-இல் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைவிடத் தெளிவான சான்று தமிழகத்தில் அரிது.

திருச்சுற்று மதிலின் வடபுற வெளிப்பக்கத்தில் உள்ள நீண்ட கல்வெட்டு, சோழ மண்டலத்துக் கோயில்கள் பலவற்றிலிருந்து கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் பணிக்கு அமர்த்தப்பட்ட ஆடல் மகளிரை, எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு, முன்பு எந்த ஊர்க் கோயிலைச் சேர்ந்தவர் என்ற விவரங்களோடு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஒரு பங்கும் உண்டு. பங்கு என்பது ஒரு வேலி நிலத்தின் வருவாயாக ஆண்டுதோறும் கிடைக்கும் 100 கலம் நெல். அளவையில் வம்பு எழாதவாறு, இராசகேசரி என்னும் அளவுக்கு ஒத்த ‘ஆடவல்லான்’ மரக்காலால் அந்நெல் அளக்கப்பட வேண்டும் என்பதும் கல்லிலேயே உள்ளது. ஆடலைப் பயிற்றுவித்து நடத்திய நட்டுவனாருக்கு இரண்டு பங்கு. திருப்பதியம் என்னும் தேவாரப் பாடல்களைப் பாடிய 48 பேருக்கும் அவர்களுக்குக் கொட்டு வாசித்த இருவருக்கும் ஆளுக்கு நாள்தோறும் மூன்று குறுணி நெல். கூலியோடு மதிப்பும் சேர்ந்தே வந்தது: தச்சர் தலைவர் ‘இராசராசப் பெருந்தச்சன்’ என்றும், நாவிதர் ‘இராசராசப் பெருநாவிசன்’ என்றும் அரசன் பெயரையே பட்டமாகச் சுமந்தனர்.

இவற்றினும் நுட்பமானது அடுத்த ஆளைப் பற்றிய விதி. பணியாளர் இறந்தாலோ வேற்றூர் போய்விட்டாலோ அவருக்கு அடுத்த உறவினர் அப்பங்கைப் பெற்று வேலையைச் செய்ய வேண்டும். அவ்வுறவினர் தகுதியற்றவராயின் தகுதியுள்ள ஒருவரைக் கொண்டு செய்வித்துப் பங்கைப் பெறலாம். உறவினரே இல்லையெனில் அதே பணியில் இருப்பவர்கள் கூடித் தக்க ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்றைய அரசு அலுவலகங்களில் கருணை அடிப்படையிலான நியமனம் என்று வழங்கும் ஏற்பாடு எதிர்கொள்ளும் அதே சிக்கலை, அதாவது குடும்பத்தின் பிழைப்பும் கெடக்கூடாது, வேலையும் கெடக்கூடாது என்பதை, இவ்விதி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நேராகத் தொட்டிருக்கிறது. உடன்பணியாளரையே தேர்வாளராக்கியது, இக்காலத்து நிறுவனங்கள் பலவும் துணியாத செயல்.

எனினும் தொழில் குடிவழியாகவே இறங்கிய காலம் அது. அந்த 400 மகளிரும் தத்தம் ஊரைவிட்டுத் தஞ்சைக்கு வர விரும்பினார்களா என்பதைப் பற்றிக் கல்வெட்டு ஒரு சொல்லும் சொல்வதில்லை; சொன்னவன் அரசன், பொறித்தவர் அவன் ஆட்கள். ஆகவே இதனைப் பணியாளர் நலனுக்கான சாசனமாகக் கொண்டாடுவதினும், ஒழுங்கு குலையாத நிர்வாக ஆவணமாகப் படிப்பதே பொருத்தம்.